வேர் வெட்டாத வரிசை

மரம் அறுப்பவர் வந்தபோது அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர் குட்டை. இயந்திர ரம்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

“எத்தனை மரம்மா?”

“நாப்பது. எல்லாம்தான்.”

புருஷன் இறந்து மூன்று மாதமாகிறது. அதன் பிறகு யார் எதைக் கேட்டாலும் அவளிடம் ‘சரி’, ‘ஒண்ணுமில்ல’ என்று இரண்டே பதில்கள் இருந்தன. ஒரு குடும்பத்தை நடத்த அந்த இரண்டே போதுமானதாக இருந்தது. அண்ணன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து உழுதுவிட்டு, விதைக்கும் முன் வேறு ஏதாவது வேலை உண்டா என்று வரப்பிலிருந்து கேட்டான். ஒண்ணுமில்ல என்றாள். மக்காச்சோளம் விதைத்துவிட்டுப் போனான். போன வாரம் வந்தவன், மரத்தோரம் பயிர் மஞ்சளடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, சோளத்துச் சத்தை மரம்தான் தின்கிறது, வெட்டிவிடலாமா என்றான். சரி என்றாள்.

வயலின் குறுக்கே ஒற்றை வரிசையாக அந்த மரங்களைப் புருஷன் நட்டபோது, விளைகிற நிலத்தில் நிழலை விதைக்கிறான் என்று ஊரே சிரித்தது. பிறகு காற்று அடுத்தவர் வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன வருஷங்களில், இவர்கள் மண் இருந்த இடத்திலேயே இருந்தது. உதிர்ந்த இலை மக்கி உரமானது. மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் வேரோடு உள்ளே இறங்கியது. கோடையிலும் கிணற்றில் வாளி நனைந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். குடியிருந்துவிட்டு வந்த பழைய வீட்டு விலாசம் தெரிவதுபோலத் தெரியும்.

எந்த மரத்தில் ஆரம்பிப்பது என்று குட்டை கேட்டார். காட்டுவதற்காக அவள் முன்னால் நடந்தாள். குட்டையைக் கூட்டிவந்திருந்த அண்ணன் பின்னால் வந்தான். வேறு வேலை இல்லாததால் மரங்களை எண்ணிக்கொண்டே போனாள்.

முதல் மரங்களின் ஓரத்தில் சோளம் இடுப்புக்கு மேலே, கருகருவென்று நின்றது. இந்தப் பக்கம் மண் நல்ல மண் போலிருக்கிறது என்றான் அண்ணன். இருபத்துமூன்றாவது மரம் வரை அப்படியே. அதற்கடுத்து, கத்தியால் வெட்டியதுபோலப் பச்சை நின்றுவிட்டது. அதன் பிறகு முழங்கால் உயரத்தில் மஞ்சள்தான்.

அவள் நின்றாள்.

ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முன்னால் புருஷன் மரவரிசையை ஒட்டி, இரண்டு பக்கமும், இரண்டு எட்டுத் தள்ளி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி நீளக் குழி வெட்டுவான். பக்கவாட்டில் பயிரைத் தேடி ஓடும் வேர்களை நறுக்கிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவான். ‘உனக்கு மேல பந்தி கிடையாது, கீழ போய்ச் சாப்பிடு’ என்று மரத்திடம் சொல்வான். இந்த வருஷம் பாதி வெட்டிய அன்றைக்கு, நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்தான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கால் கழுவிவிட்டுப் படுத்தான்.

“இங்கதான் நிறுத்தினார்,” என்றாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. சொன்னாள். அவன் மஞ்சள் பயிரையும் பச்சைப் பயிரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா வேரை வெட்டிட்டு விதைச்சிருப்பேனேம்மா.”

“நீ கேட்டே. நாந்தான் ஒண்ணுமில்லன்னேன்.”

குட்டை ரம்பத்தைத் தோள் மாற்றினார். “இப்ப நான் நிக்கவா, போகவா?”

“போங்கண்ணே. மரம் இருக்கட்டும்.”

இந்தப் பயிர் இனித் தேறாது என்றான் அண்ணன். வருஷா வருஷம் இதை யார் வெட்டுவது என்றும் கேட்டான். அவள் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து, இருபத்துநான்காவது மரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்து, நோஞ்சான் சோளத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெட்டத் தொடங்கினாள். அழுகை வரவில்லை. வேறெதுவும் வரவில்லை. மண் வந்தது, விரல் பருமனில் ஒரு வேர் வந்தது, அதை நறுக்கினாள்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு அன்றைக்கு வரப்பிலிருந்து கேட்ட அதே குரலில் கேட்டான்.

“வேற ஏதாச்சும் வேலை இருக்காம்மா?”

“இருக்கு,” என்றாள், நிமிராமல். “அந்தப் பக்கமும் வெட்டணும். முழங்கால் ஆழம்.”