பிந்தி விழும் அடி

வேலை முடிந்து வந்த ஆசிக், சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்கு வந்து ஃபோனை என் காதில் வைத்தார்.

“கண்ண மூடிட்டுக் கேளு புள்ள.”

தும், தும், தும் என்று கனத்த ஒரு சத்தம். ஒவ்வொரு அடிக்கும் பின்னால், யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல ஒரு சீறல்.

“யாரு வூட்டு மாவு மிஷின் மச்சான்?”

“மாவு மிஷினா? அடிப்பாவி! எங்க பம்பு ஹவுஸு. இனிமே இதான் என் கிக்கு.”

அந்தப் பம்புக்குப் பக்கத்தில்தான் அவர் இறந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக்கொண்டு எழுதினால், அவர் சிரித்ததையெல்லாம் எழுத எனக்குக் கை வராது.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் சாலையில் இருந்த ஒரு ரசாயனக் கம்பெனியில் அவர் ஆபரேட்டர். திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தோம். நானும் அவரும், அவர் அம்மாவான என் மாமி ஆசியா உம்மாளும். துபாயில் இருக்கும் அவர் தம்பி அப்துல்லா ஊருக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனார். அதில்தான் ஆசிக் டி.ஜே.க்கள் போடும் ஆட்டப் பாட்டுக்குத் தாளம் செய்யப் படித்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, யூடியூப்தான். திரை முழுக்கக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்தச் சத்தம் விழவேண்டும் என்று மவுஸால் வைக்க வேண்டும். கிக் என்கிற கனத்த அடி சீராக நான்கு இடத்தில். அதற்கு நடுவே கைதட்டல். மிச்சமிருக்கும் இடுக்குகளில் சிறு சிலம்பல் சத்தம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. அவர் முதன்முதலில் செய்ததைக் கேட்டுவிட்டு மாமி, “என்னடா இது, ஸ்கூல் புள்ளைவோ லெஃப்ட் ரைட் போற மாரி இருக்கு” என்றார்கள்.

அது உண்மை என்பது அவருக்கும் தெரிந்தது. எல்லா அடியும் கட்டத்துக்குள் நேராக விழுந்தால் தாளம் செத்துவிடும் என்று பிறகு கற்றுக்கொண்டார். ஒன்றிரண்டு அடிகளை மயிரிழை பிந்தி வைக்க வேண்டும். எவ்வளவு பிந்தலாம் என்பதுதான் வித்தை. அதிகம் பிந்தினால் நொண்டும், குறைந்தால் தெரியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த அளவுகோல் நான். நான் வெங்காயம் நறுக்கும்போது பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓடவிடுவார். என் கத்தி தாளத்தோடு போனால் சரி. எங்காவது தடுமாறினால், “அங்க இடிக்குதா?” என்று திருத்துவார். எனக்கு இசை தெரியாது. தடுமாறுவது மட்டும் தெரிந்தது.

ஆயத்தமாகக் கிடைக்கும் சத்தங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. “ஊர்ல எல்லாவனும் அதே டப்பாவத் தொறந்து அதே சத்தத்தத்தான் எடுக்குறான்” என்பார். பஸ் கதவு அறைபடுவது, கண்டக்டர் விசில், மீன்காரம்மா தராசுத் தட்டு என்று பிடித்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்றாகத்தான் பம்பு வந்தது. கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. அவர் கொண்டுபோனார்.

சில வாரம் கழித்து அதே பம்பின் இன்னொரு பதிவைப் போட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மூன்று அடி சரியாக விழுந்தது. நான்காவது ஒரு கணம் யோசித்துவிட்டு விழுந்தது.

“கேட்டியா, பிந்துது பாத்தியா? நான் ஆறு மாசமா மவுஸ வச்சிக்கிட்டு மன்னாடுறத அது தானாப் பண்ணுது!” கண்ணெல்லாம் சிரிப்பு அவருக்கு.

“எனக்குப் புடிக்கல மச்சான். ஏன் அப்புடி அடிக்குது?”

“பேரிங் தேஞ்சிருக்கும்.”

“சொன்னீங்களா?”

“ஜமால் மாமாகிட்ட சொல்லிட்டேன். வருஷாந்தர ஷட்டவுன்ல பாத்துக்கலாம்னாரு.”

ஜமாலுதீன் அவருடைய ஷிப்ட் இன்சார்ஜ். எங்கள் தெருவிலேயே இருப்பவர். மறுபடியும் ஒருமுறை அழுத்திச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். ஆசிக் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

“சொல்லலாம். ஆனா சரி பண்ணிட்டாங்கன்னா இந்த நடை போயிடும் புள்ள. ஷட்டவுன் வர்றதுக்குள்ள புடிச்சி வச்சிக்கறேன்.”

சிதம்பரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த சாமிக்கண்ணு, ஐ.டி.ஐ.யில் அவரோடு படித்தவர். ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் கொஞ்ச நேரம் தன் மேடையை அவருக்குத் தருவதாகச் சொன்னார். என் தாய்வீடு சிதம்பரத்தில்தான். தங்கை ஷாசியாவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். வெயில் தாழ்ந்து மைதானத்துப் புழுதி மஞ்சளாகத் தெரிந்த நேரம். ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களின் ஓரத்தில் நின்றோம். ஆசிக் ஆரம்பித்தபோது பையன்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“மச்சான் கம்பெனில வேலை செய்யுறாரா, கம்பெனியத் தூக்கிட்டு வந்துட்டாரா?” என்று ஷாசியா என் காதில் கத்தினாள்.

பம்பு வந்தது. ஃபோனில் கேட்டதல்ல இது. தரைக்கடியிலிருந்து வந்தது. மூன்று அடி நேராக, நான்காவது பிந்தி. அந்தப் பிந்தும் அடியில் முதலில் ஒருவன் தோளைக் குலுக்கினான். பிறகு ஒரு வரிசை. கொஞ்ச நேரத்தில் மைதானமே நான்காவது அடிக்காகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அது விழுந்ததும் எல்லாரும் ஒன்றாகத் தரையை மிதித்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முகம் வியர்த்து, வாய் திறந்து, அந்தத் தேய்ந்த இரும்பு யோசிக்கும் நேரமெல்லாம் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. நான் ஷாசியாவின் கையை இறுகப் பிடித்திருக்கிறேன். வலிக்கிறது என்று அவள் உதறியபோதுதான் தெரிந்தது.

“டேய் மச்சான், பம்ப வச்சி ஊரையே ஆட்டிட்டியேடா! அடுத்த மாசம் பாண்டில ஒண்ணு இருக்கு, வர்றியா?” என்று சாமிக்கண்ணு அவரைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார். பாண்டிச்சேரிக்கு இது போதாது, பம்பின் சத்தம் இப்போது இன்னும் மாறியிருக்கிறது, அடிக்குள் சின்னதாக இன்னொரு அடி கேட்கிறது என்றார்.

“அதத்தான் நீங்களே கட்டத்துல வைக்கக் கத்துக்கிட்டீங்களே. வூட்ல உக்காந்து வைங்களேன். அது கிட்டப் போவாதீங்க மச்சான்.”

அவர் என்னைப் பார்த்தார். “பயந்துட்டியா?”

“ஆமா.”

“சரி, போவல.” சற்றுப் பொறுத்து, “ஒரே ஒரு தடவ. அந்தச் சின்ன அடிய மட்டும் எடுத்துக்கறேன்” என்றார். ஆலப்பாக்கம் தாண்டியதும் என் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனார்.

அந்த வாரமே ஒரு காலை, எல்லாரும் டீ குடிக்க கேன்டீனுக்குப் போன நேரத்தில் பம்பின் கசிவு தடுக்கும் சீல் பிய்த்துக்கொண்டது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரசாயனம் ஆவியாக வெளியே வந்தது. கேன்டீனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆசிக் மட்டும் பம்பு ஹவுஸில் இருந்தார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் தனித்திருக்கும் இத்தாவில் நான் உட்கார்ந்தேன். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. பேச வேண்டியிருந்தால் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பேச வேண்டும். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவே மாமி ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் எனக்குக் குரல்கள்தான்.

ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமால் மாமாவின் குரல் வந்தது. ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாமி வைத்த தேநீரைக் குடித்ததாகத் தெரியவில்லை.

“அந்தப் பம்ப கழட்டிட்டாங்கம்மா” என்றார் கடைசியில். “பக்கத்துல மாத்துக்குன்னு ஸ்டாண்ட்பை பம்பு ஒண்ணு இருந்துச்சி. இப்ப அதுதான் ஓடுது. நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

“சரிங்க மாமா.”

“எனக்குத்தான் நம்பிக்க வரல. இப்பல்லாம் எதக் கேட்டாலும் தப்பாக் கேக்குது. வூட்டு ஃபேனு கூட. நீ கேட்டாக் கரெக்டா சொல்லிடுவன்னு ஆசிக் எப்பவும் சொல்லுவான். அதோட சத்தத்தப் புடிச்சிக்கிட்டு வந்திருக்கேன். தப்பா நெனைக்காதம்மா.”

சேலைக்கு அடியில் ஒரு ஃபோன் தரையோடு நகர்ந்து வந்தது.

“இத்தாவுல இருக்கற புள்ளகிட்ட என்னத்தக் குடுக்குற ஜமாலு? ஒனக்கு வெக்கமா இல்ல? எம் புள்ள சொன்னப்ப எங்க போச்சி ஒன் காது?” என்று மாமி கத்தினார்கள். கொஞ்ச நேரம் மாமி அழுவது கேட்டது. பிறகு அவர்களே உள்ளே வந்து, பீரோவில் பூட்டி வைத்திருந்த லேப்டாப்பை எடுத்து என் மடியில் வைத்தார்கள். “கேளு” என்றார்கள். “இன்னொருத்தி இப்புடி உக்கார வேணாம்.”

ஆசிக் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். மாமாவின் பதிவைத் திரையில் போட்டேன். அதன் வேகத்துக்கே, கட்டம் தவறாத ஒரு வெறும் கிக்கைப் பக்கத்தில் ஓடவிட்டேன். ஹெட்ஃபோனுக்குள் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே அடியாகக் கேட்டன. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ரயில் ஒன்று போனது. அதிர்வு அடங்கும்வரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். ஒரே அடி. ஒரே அடி. ஒரே அடி. பிறகு நகம் பட்டதுபோல ஓர் ஓரம் தெரிந்தது; பம்பின் அடி பிந்தியது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

“மாமா, நாளைக்குக் காலைல பம்பு ஹவுஸு ஷிப்ட்டு யாரு யாரு?”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் அறையின் பின்சுவர் ஜன்னலிலிருந்து வந்த காற்றில் சேலை அந்தப் பக்கமாகப் புடைத்து அவர் மேல் படிந்துகொண்டது. நெற்றியும் மூக்கும் துணியில் தெரிந்தன. “திருநாவுக்கரசு” என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் வாயிருந்த இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்தது.