அழகரின் ஜனாஸா

ஹுமைத் பொய்யே சொல்லாத வியாபாரி அல்ல. சாயம் போகாது என்று சத்தியம் செய்து சீத்தைத் துணி விற்றவன்தான். ஆனால் செத்தவனுக்குச் சமயம் மாற்றிப் பொய் சொன்னது எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில்தான்.

அன்று காலை பதுளை ஆஸ்பத்திரியில் அழகர் மஞ்சட்காமாலையில் கண்ணை மூடினான். அந்நேரம் கடைவீதியில் கலவரக்காரர் வைத்த தீயில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. முதல்நாள் பார்க்கப் போனபோது ஹுமைதின் கையைப் பிடித்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னைய டவுன்ல பொதைச்சிராத. தோட்டத்துக்குக் கொண்டு போயிரு. ஆத்தா வாய்விட்டு அழுவணும்.”

மறுக்க ஹுமைதுக்கு வாய் ஏது? அவனுடைய வாப்பா நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் கடை வைத்திருந்த காலத்தில், உம்மா பிரசவக் காய்ச்சலில் கிடக்க, அழகரின் தாய் பெரியாயிதான் இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். மார்க்கப்படியே இருவரும் சகோதரர்கள். சின்ன வயதில் ஹுமைத் முதல் நோன்பு பிடித்த அன்று அழகரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் தேயிலைக்குள் சுருண்டு கிடந்தான். ஏனடா என்று கேட்டதற்கு, “நீ மட்டும் காயணுமா?” என்றான். அப்படிப்பட்டவன் செத்துப்போனதை நினைக்கும்போதெல்லாம் ஹுமைதுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஊரில் எத்தனையோ கழிசடைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

மகனோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஹுமைதின் வீட்டில் தங்கியிருந்த பெரியாயியின் நெற்றித் திருநீற்றை அவன் மனைவி றஷீனா துடைத்தாள். மூக்குத்தியைக் கழற்றினாள். தன் வெள்ளைச் சேலையை உடுத்தி முக்காடு போட்டுவிட்டாள். தமிழ்ப் பிணமென்று தெரிந்தால் வழியில் விடமாட்டார்கள் என்று அழகருக்கும் முஸ்லிம் மையத்தைப்போல வெள்ளைக் கபன் துணி சுற்றினார்கள். “வழியில அழுதுறாதீங்கம்மா,” என்று றஷீனா சொல்ல, பெரியாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

கடை வேன் பசறைக்குப் போகும் வளைவுகளில் ஏறியது. ஒரு திருப்பத்தில் பாதையை மறித்து லொறி நின்றது. கையில் கத்தியும் பெற்றோல் கேனுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் வந்தவனை ஹுமைதுக்குத் தெரியும். வருஷப் பிறப்புக்கு ஹுமைதின் கடையில்தான் உடுக்கச் சாரம் வாங்குவான்.

“யார் முதலாளி இது?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“என் தம்பி. பசறை மையவாடியில் அடக்கம்.”

அவன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பார்வை பெரியாயியிடம் போய் நின்றது.

“உங்கள் ஆட்களில் மையத்தோடு பெண்கள் போவதில்லையே?”

எத்தனை ஜனாஸாவுக்கு ஹுமைத் தோள் கொடுத்திருப்பான்! பெண்களை வீட்டோடு விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறான். கபனும் முக்காடும் ஞாபகம் வந்த புத்திக்கு இது மட்டும் வரவில்லை. அவன் மனதுக்குள் அது தோட்டத்துச் சாவாகவே இருந்துவிட்டது. தாயில்லாமல் பிள்ளையை எடுத்துப் போவதை அவன் நினைக்கக்கூட இல்லை.

“எங்கள் தாய். மகனை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இழுத்துத் தள்ளவா சொல்கிறாய்?”

வந்தவன் பெரியாயியின் வாயையே பார்த்தான். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, உதடு அசையவில்லை.

“நல்ல தாய். தோட்டத்துப் பெண்கள் என்றால் மலையே அதிரக் கத்துவார்கள்,” என்று சிரித்தான். “அதுவும் வசதிதான். இன்றைக்கு மேலே வருகிறோம். சத்தம் வருகிற லயத்து வீடுகளுக்கு நேரே போய்விடலாம்.”

வேனின் முதுகில் தட்டி அவனே வழி விட்டான். பசறையைத் தாண்டும்வரை ஹுமைத் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினான்.

தோட்டத்தில் எந்த அடுப்பும் புகையவில்லை. சனங்கள் காட்டுக்குள் ஏறிவிட்டிருந்தார்கள். மாரிசாமி கங்காணி மட்டும் இரண்டு பேரோடு இறங்கி வந்து, தப்பும் அடிக்காமல் தேங்காயும் உடைக்காமல் அவசர அவசரமாகக் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளிவிட்டு, சீக்கிரம் வாங்க என்று சொல்லி மூவரும் மறுபடி ஏறிப்போனார்கள்.

பெரியாயி அந்த மேட்டருகே உட்கார்ந்திருந்தாள். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

“அழுங்கம்மா,” என்றான் ஹுமைத். “இனி என்ன? அவன் கேட்டதே அது ஒண்டுதானே.”

கீழே எங்கோ ஒரு லொறி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது.

“நீ அந்த வழியாத்தான எறங்கணும் ராசா,” என்றாள் அவள் மெல்ல. “நான் ஒரு சத்தம் போட்டாலும் அவனுக இங்கதான் வருவானுக. ஒன்னையப் பார்த்தா, தம்பியப் பசறையில பொதைக்கலியான்னு கேப்பானுக. நீ உசுரோட வீடு போய்ச் சேரு. அதுக்குப் பொறவு அவனுக்கு அழுதுக்கிறேன்.”

அவள் அப்படிச் சொன்னதுதான் தாமதம், அதுவரை கல்லாயிருந்த ஹுமைதுக்கு நெஞ்சு உடைந்து “அழகரே!” என்று குரல் பீறிட்டது. பெரியாயி பாய்ந்து வந்து, மண் அப்பிய கையால் அவன் வாயை இறுகப் பொத்தினாள்.