கெட்டுப்போன கொழுப்பும் அண்ணனும்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செல்கள் மறுபடியும் தின்றிருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிவப்புச் சாயம் ஏறிய கொழுப்புத் துளிகள் பளபளத்தன.

"தின்னிப் பண்டாரங்களா!" என்று வாய்விட்டே திட்டினாள்.

ரத்தத்தில் ஓடும் கொழுப்பு, காற்றுப்பட்ட எண்ணெய் போலக் கெட்டுப்போவது உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் துப்புரவுச் செல்கள் அதைப் பிடித்து விழுங்கும். பிடிப்பதற்கென்றே அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அளவில்லாமல் விழுங்கி ஊதிப்போன செல்கள் குவிந்துதான் இதயத்துக்குப் போகும் குழாயை அடைக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஏற்பியை முடக்கினால் போதும், தின்பது நின்றுவிடும் என்று நம்பித்தான் அவள் ஆராய்ச்சியில் இறங்கினாள். ஒரு ரசாயனத்தை ஊற்றி முடக்கியும் விட்டாள். செல்களோ வேறொரு ஏற்பியை வைத்துக்கொண்டு தின்று தீர்த்தன.

கையுறையைக் கழற்றி எறிந்த நேரத்தில் அண்ணி போன் செய்தாள்.

"உங்கண்ணன் கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டாரும்மா. எத்தனை மாசமாச்சோ தெரியல. கேட்டா நீதான் சொன்னேங்கறார்."

"நானா?"

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் அப்போதுதான் கையில் கிரீஸோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"நீதானே சொன்ன, கொழுப்பு கெட்டதில்ல, கெட்டுப்போன கொழுப்புதான் கெட்டதுன்னு? அப்புறம் நல்ல கொழுப்பை நான் எதுக்கு குறைக்கணும்?"

"கொழுப்பு குறைஞ்சாதானேண்ணா கெட்டுப்போறதும் குறையும்? பாதியைக் கேட்டுட்டு மீதியைக் காத்துல விட்டுட்டியா?"

"சரி சரி, உன் மருந்து வரட்டும். அதையே போட்டுக்கறேன்."

"என் மருந்துன்னு ஒண்ணு இல்லவே இல்ல! இன்னிக்கும் ஊத்திக்கிச்சு!"

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்களுக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, இவனுக்கும் முடியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மோட்டார் அறை மொட்டைமாடியில். படியேறிப் போன அண்ணன் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். காவலாளி பார்த்ததால் பிழைத்தான். அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

வார்டில் அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

"இப்ப சொல்லு. நெஜமாவே நான் சொன்னதாலதான் நிறுத்தினியா?"

அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மாத்திரை போட்டா தொடையெல்லாம் வலிக்குதும்மா. ஏணியில கால் நிக்கல. நீ சொன்னது வசதியா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

"வேலைய விடச் சொல்லிட்டா?"

அவள் நேராக டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"சில பேருக்கு அப்படித்தான் வலிக்கும். வேற மாத்திரை இருக்கு, மாத்திப் பார்க்கலாம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் வீடு திரும்பினான். புது மாத்திரையில் தொடைவலி பெரிதாக இல்லை. மொட்டைமாடி வேலைக்குத் துணையாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டான்.

அவள் மறுபடி ஆய்வகத்துக்குப் போய், இந்த முறை இரண்டு ஏற்பிகளையும் சேர்த்து முடக்கினாள். செல்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் தின்றிருந்தன. ஆனால் பாதிக்கு மேல் செத்தும் கிடந்தன. அவை செத்தது கொழுப்பைத் தடுத்ததாலா, ஊற்றிய ரசாயனத்தின் நஞ்சாலா என்று தெரியவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன, இந்தத் தடவையாவது தேறுமா?"

"பேசாம போயிடு," என்றாள் அவள். பெட்டியிலிருந்து புதுக் கையுறை ஒன்றை உருவி மாட்டினாள். அது விரலிடுக்கில் கிழிந்தது. இன்னொன்றை உருவினாள்.