மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு கார்

பழவேற்காட்டுக் கிஃபாயத்துல்லா சொன்ன சொல் மாறாதவர் என்று கடைத்தெருவே சொல்லும். அப்பேர்ப்பட்டவர் மீஞ்சூர் அப்துல் கனியிடம், "மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கம்பெனிக் காரே வரும், சம்மந்தி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மகன் மொய்னுதீன் எண்ணூர்ப் பக்கம் சீமைக் கம்பெனி நடத்தும் கார் தொழிற்சாலையில் சீட்டு தைத்துப் பொருத்துகிறவன். படகுக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் படகு வருகிறது, வண்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி வருகிறது. கார் செய்கிறவனுக்குக் கார் வராதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"இன்னா வாப்பா, யாரைக் கேட்டு சொன்னீங்க? அங்க நிக்கிற ஒவ்வொரு வண்டியும் ஒருத்தர் பேர்ல நிக்குது" என்றான் மகன்.

வீட்டுக்கு வந்திருந்த நாகமுத்து சிரித்தான். அதே தொழிற்சாலையில் புதுக் காரை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. "இதுக்கா பேஜாரு? அன்னிக்கு மீஞ்சூர் பக்கமா ஓட்டினு வர்றேன். ரெண்டு தெரு சுத்துனா எவனுக்குத் தெரியும்?"

"வேணாம்டா. அடுத்தவங்க வண்டி" என்றான் மொய்னுதீன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கிஃபாயத்துல்லாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் தலையசைத்தால் போதும், நாகமுத்து காரைக் கொண்டுவந்துவிடுவான்.

அந்த வாரம் ஊழியர் வீட்டார் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். கிஃபாயத்துல்லாவும் போனார். கார் பாகங்களோடு கப்பலில் வந்த மரப்பெட்டிகளை ஒரு கோடியில் உடைத்தார்கள். மறு கோடியில் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போனது. கண்ணாடி, பாட்டரி, சீட்டு எல்லாம் இப்போது நம் ஊரிலேயே ஆகின்றன என்றார்கள். வெள்ளைக்கார இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கடைசியில் நின்ற காருக்குப் பக்கத்தில் மொய்னுதீன் கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான், அப்புறம்தான் கதவைத் தொட்டான். கிஃபாயத்துல்லாவுக்கு மார்பு விம்மியது. இப்படிப்பட்ட இடத்திலிருந்தா திருட்டுத்தனமாக ஒரு காரைக் கிளப்புவது?

நேரே மீஞ்சூருக்கு ரயில் ஏறினார்.

"கார் வராது சம்மந்தி. தெரியாம சொல்லிட்டேன்."

அப்துல் கனி முகம் சுண்டியது. "மாப்பிள்ளை நடந்தா வருவாரு? எங்க தெரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். ஓட்டறவன் ரெடியாத்தான் இருக்கான். உங்க மருமவன்தான் அடுத்தவன் வண்டி வேணாங்கறான். திருட்டு வண்டில ஏத்திக்கினு வரணும்னா வேற மாப்பிள்ளை பாத்துக்குங்க."

முதுகு வளையாமல் நின்றார்.

அப்துல் கனி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உக்காருங்க முதல்ல. வேற மாப்பிள்ளையாம்! ஸ்டேஷன்லேந்து நானே அவரு கையைப் புடிச்சு நடத்திக்கினு வர்றேன். பேண்டு வாத்தியமாச்சும் உண்டா?"

"உண்டு" என்று வாயெடுத்த கிஃபாயத்துல்லா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"பேண்டுக்காரனைக் கேட்டுட்டு சொல்றேன்."