ஆள் குறையும் காதுகுத்து

எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா கையை ஓங்க மாட்டாரு, வாயைத் தொறக்க மாட்டாரு. நேரா டிவி முன்னால உக்காந்து ரிமோட்டை எடுப்பாரு. அன்னைக்குச் சொந்தத்துல ஒரு ஆள் காலின்னு நான் புரிஞ்சுக்குவேன்.

எல்லாம் அவரு தம்பி துபாய்ல இருந்து கொண்டாந்த ரெக்கார்டரால வந்த வினை. எங்க மக தேவதர்ஷினி காதுகுத்து வீடியோ கேசட்டை, அழிச்சு அழிச்சு எழுதுற டிஸ்க்குல ஏத்தினாரு. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு வேடசந்தூர் மில்லுல வேலை பாக்குற என் தம்பி அன்புமணிக்கு. டிஸ்க் இருக்கே, கேசட்டு எதுக்குன்னு அதுமேல சீரியலைப் பதிஞ்சு வச்சாரு, சிக்கனத் திலகம்.

லாரி ஆபீஸ்ல பில்லு எழுதுற மனுசன், ரிமோட்டை எடுத்தா பெரிய டைரக்டரு. ஆரம்பத்துக்கு ஒரு அமுக்கு, முடிவுக்கு ஒரு அமுக்கு. அழிக்கவான்னு டிவி கேக்கும். ஆமான்னு இன்னொரு அமுக்கு, அம்புட்டுத்தான்.

மொதல்ல போனது அவரு தங்கச்சி புருசன் மொக்கைச்சாமி. பஸ் ஸ்டாண்டுல பாத்தும் பாக்காத மாதிரி போனாராம். அடுத்து பெரியப்பா மகன், பத்திரிகையில இவரு பேரைக் கீழ போட்ட குத்தத்துக்கு. அவுக வர்ற எடத்தையெல்லாம் வெட்டி வெட்டி, பூசாரி தேங்காயை ஓங்குவாரு, மறு நிமிசம் சனமெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு நிக்கும். மொக்கைச்சாமி அண்ணன் ராசியாகி வீட்டுக்கு வந்தாரு. எங்க சொந்தத்துல வீடேறுனா முதல் பேச்சே "அந்த டிஸ்க்கைப் போடுங்க"தான். போட்டோம். தன்னைத் தேடித் தேடிப் பாத்துட்டு, வச்ச சோத்தைத் தொடாம எந்திரிச்சுப் போனவருதான், இன்னை வரைக்கும் எட்டிப் பாக்கல.

பெறகு என் தம்பி முறை. அவன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப மொத டம்ளரை மேஸ்திரிக்குக் குடுத்துட்டானாம், இவருக்குக் குடுக்கலையாம். அன்னைக்குச் சாயங்காலமே ரிமோட்டு. ஆனா தாய்மாமன் மடியில வச்சுத்தான பிள்ளைக்குக் காது குத்துனோம்? அவனை எடுத்தா காதுகுத்தே இல்லையே. நம்ம டைரக்டரு அசருவாரா, அவன் மொகம் தெரியுற எடத்தை மட்டும் பாத்துப் பாத்து வெட்டுனாரு. சீர்த்தட்டோட வந்தது போச்சு, மால போட்டது போச்சு. நான் கத்துனேன், அழுதேன்.

"அழிச்சு எழுதுற டிஸ்க்குதானடி, ராசியானா திரும்ப ஏத்திக்கலாம்"னாரு.

"எங்கருந்து ஏத்துவீக?"ன்னேன். அவரு அந்தக் கேசட்டைப் போட்டு சீரியலைப் பாக்க ஆரம்பிச்சாரு.

ரெண்டு வீட்டுக்கும் மூணு வருசம் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா அம்மா இல்லாத எனக்கு அவன்தான் பொறந்த வீடு. நாளைக்கு என் மக பெரிய மனுசியானா சீர் கொண்டாற வேற யாரு இருக்கா? போன மாசம் அவனே போன் பண்ணி, "ஞாயித்துக்கெழமை வாரேங்க்கா"ன்னான். எனக்குச் சந்தோசத்துல கை கால் ஓடல. அடுத்த நொடியே டிஸ்க் ஞாபகம் வந்துருச்சு. அதைப் பாத்தான்னா மறுபடி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்.

டிஸ்க்கை அரிசி டின்னுல ஒளிச்சேன். தெனமும் நேரங்காலமில்லாம போற கரண்டு அன்னைக்கும் போயிரும்னு ஒரு நம்பிக்கை வேற. பாழாப்போன கரண்டு அன்னைக்குன்னு பாத்துப் போகல. பந்தி நடக்கையில தம்பியும் டிஸ்க்கைக் கேட்டான், காணோம்னேன். என் மக டின்னைத் தொறந்து, "மாமா, இங்க இருக்கு"ன்னு எடுத்தாந்து அவளே போட்டுட்டா.

டிவியில மொட்டைத்தலையோட பிள்ள வீறிட்டு அழுகுறா. பட்டுக்கரை வேட்டி கட்டுன ஒரு மடி, தலையைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு கை. மொகமே இல்ல.

"அப்பா, இது யாரு மடி?"ன்னு கேட்டா.

எங்க வீட்டுக்காரரு எலையைப் பாத்துக்கிட்டே, "ஒங்க மாமா மடிதான்த்தா"ன்னாரு. என் தம்பி எந்திரிக்கப் போறான்னு நான் சொம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நல்லா வந்திருக்கு மச்சான்"ன்னான் அவன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எம்புட்டுப் பெரிய மனசு என் தம்பிக்குன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு அவன் கையைப் புடிச்சுக்கிட்டு, அடுத்த வாரம் குடும்பத்தோட வேடசந்தூர் வாரோம்னு சொல்லிட்டாரு.

பஸ் ஏத்திவிடப் போனேன். அவரு தள்ளி நின்னு பழம் வாங்கிக்கிட்டிருந்தாரு. தம்பி கிட்ட வந்து, "அக்கா, அடுத்த வாரம் வேணாம்க்கா, ஏதாச்சும் சொல்லித் தள்ளிப்போடு"ன்னான்.

"ஏன்டா?"

"எங்க டிஸ்க்குல மச்சான் இல்லக்கா. ஸ்டுடியோவுல குடுத்து வெட்டி எடுக்கச் சொல்லிட்டேன்."

வந்த ஆத்திரத்துல முதுகுல ஒண்ணு வச்சு பஸ்ஸுக்குள்ள தள்ளுனேன். இங்க போட்டா என் மக காதுகுத்துல மாமன் இல்ல, அங்க போட்டா பெத்த அப்பன் இல்ல. ரெண்டுலயும் நிக்கிறது நான் ஒருத்திதான், பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு.