எழுபத்திரண்டு சதுர அடி

புதிய வாடகை ஒப்பந்தத்தைப் படித்ததும் தையல்கார அக்காவுக்கு வந்த கோபத்தில், மேசை மேலிருந்த இஸ்திரிப் பெட்டி கரண்ட் இல்லாமலே சூடேறியிருக்கும். மாதம் ஒன்பதாயிரமாக இருந்த வாடகை பன்னிரண்டாயிரத்து அறுநூறு ஆகியிருந்தது. மாதாமாதம் அவள் மிச்சம் பிடிப்பதே அந்தக் கூடுதல் தொகை அளவுதான். அதையும் கொடுத்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சதுர அடிக்கு அதே ஐம்பதுதாம்மா," என்றார் கட்டட மேனேஜர். "உங்க கடை இருநூத்தி ஐம்பத்திரண்டு சதுர அடி. பெருக்கிப் பாருங்க."

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, சுவருக்குச் சுவர் அளந்தாள். மூலையில் இருந்த நூலாம்படையைக்கூட விடவில்லை. பத்துக்குப் பதினெட்டு, நூற்றெண்பது.

"மிச்சம் எழுபத்திரண்டு எங்க சார், எலி தின்னுடுச்சா?"

"அது பொது இடம்மா. லிஃப்ட், வராந்தா, மாடிப்படி எல்லாத்துலயும் உங்க பங்கு."

"நான் இருக்கறது தரைத்தளம். லிஃப்டுல ஏறி எங்க போகப் போறேன்?"

"கணக்கு அப்படித்தாம்மா. நீங்ககூடத்தான் முப்பத்தெட்டு உடம்புக்கு நாப்பத்திரண்டு வெச்சுத் தைக்கறீங்க."

மேனேஜர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

"வெக்கறேன் சார். அந்த லூஸ் போடறவருக்கே சொந்தம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அதுல கையை நுழைக்க மாட்டார்."

துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியுடன் வராந்தாவுக்குப் போனாள். லிஃப்ட் வாசலை அடைத்து ஆறுக்குப் பன்னிரண்டில் ஒரு கட்டம், நூல் பிசகாமல். அதற்குள் இஸ்திரி மேசை, இரண்டு மெஷின், மலை மலையாகத் துணி மூட்டை. பத்தே நிமிடத்தில், லிஃப்டுக்குள் போக வேண்டுமானால் கொசுகூட அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை.

அந்த நேரம் பார்த்து, ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் கட்டட முதலாளி வெளியிலிருந்து வந்தார். முழங்கால் வலிக்காரர். படிக்கட்டைப் பார்த்தார்; படிக்கட்டும் அவரைப் பார்த்தது.

"என்னம்மா இது?"

"என் பங்கு, முதலாளி. உங்க ஆள்தான் எழுதிக் கொடுத்தார். கோட்டைத் தாண்டாதீங்க, இதுக்கும் சேர்த்துத்தான் வாடகை கேக்கறீங்க."

முதலாளி பார்த்த பார்வையில் மேனேஜர் சட்டைக்குள் இரண்டு அங்குலம் சுருங்கிப்போனார்.

"நூத்தியெண்பதுன்னு மாத்தி எழுதுய்யா."

எழுதினார். அக்கா ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேசை நகரவில்லை.

"அதான் போட்டாச்சே," என்றார் முதலாளி, ஒற்றைக் காலில் நின்றபடி.

"நான் போட்டாச்சு. நீங்களும் போடுங்க, அப்புறம் எடுக்கறேன்."