இரண்டு ஹேப்பிகளும் ஒரு கட்டிலும்

பெண்கள் விடுதி வாசலில், சுருட்டிய மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஹேப்பி ஓவோமுகிஷா திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்தில் அவனுக்கு அது முதல் நாள். ஆண்கள் விடுதியில் கேட்டபோது, "இந்தப் பேர்ல இங்க இருக்கிறது வனவியல் படிக்கிற ஹேப்பி. மருந்தியல் ஹேப்பிக்கு மேட்டு விடுதி" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மேட்டில் இருப்பது பெண்கள் விடுதி என்று ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது.

வார்டன் கியாரிசீமா அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவனை அளந்தார்.

"என்ன தம்பி, அக்காவுக்கு மெத்தை தூக்கிட்டு வந்தியா?"

"இல்லம்மா. எனக்குத்தான்."

"உனக்கா!"

அவன் நீட்டிய சேர்க்கைக் கடிதத்தை வாங்கித் தன் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தார். பெயர் சரி. மருந்தியல் சரி. பக்கத்தில் 'பெண்' என்று இருந்தது. பதினாலாம் அறை, ஜன்னலோரக் கட்டில்.

"கடிதத்துலயும் மூலையில பொண்ணுன்னுதான்டா போட்டிருக்கு. நீ பார்க்கலையா?"

பார்க்கவில்லை. ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்தும் அந்த மூலைக்கு அவன் கண் போனதில்லை.

மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "விடுங்க மேடம், எங்களுக்கும் ஒரு தங்கச்சி வேணும்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பக்கத்தில் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. ஓவோமுகிஷா என்று மகனுக்கும் வைப்போம், மகளுக்கும் வைப்போம். ஞானஸ்நானப் பெயராவது காட்டிக்கொடுக்கும் என்றால், அம்மா ஹேப்பி என்று வைத்துத் தொலைத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் கால்வாசிகூட இன்றைக்கு அவனுக்கு இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவாளர் ஆபீசுல சொல்லி மாத்திக்கோ" என்றார் வார்டன். "அதுக்கப்புறம் மாத்த மாட்டாங்க. நாலு வருஷமும் நீ பொண்ணுதான்."

அப்போதுதான் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஒரு பெண் மேடேறி வந்தாள். பெட்டியைத் தொப்பென்று போட்டாள்.

"மேடம், இந்த ஊர்ல யாருக்காவது மூளை இருக்கா? எனக்கு ஆம்பளைங்க விடுதியில கட்டில் போட்டிருக்காங்க!"

"உன் பேர் என்னம்மா?"

"ஹேப்பி ஓவோமுகிஷா."

மாடியே அதிர்ந்தது. வார்டன் பென்சிலை எடுத்து ஒரு கோடு இழுத்தார். அவள் பதினாலாம் அறைக்கு, அவன் ஆண்கள் விடுதிக்கு. "முடிஞ்சுது போங்க. ரெண்டு ஹேப்பியும் ஹேப்பி."

மெத்தை தலையிலிருந்து இறங்கியதே போதும் என்றிருந்தது அவனுக்கு. அவள் கபாலே மலைக்காரி. வெடுக்வெடுக்கென்று பேசினாள், கலகலவென்று சிரித்தாள். வாசலுக்கு வெளியே சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தரும் ரோலெக்ஸ் கடைக்கு அவளேதான் இழுத்துப்போனாள்.

"என்ன படிக்கிறீங்க, என் பேருக்காரரே?"

"மருந்தியல்."

"குடுத்துவச்ச ஆளு. நானும் அதைத்தான் முதல்ல எழுதினேன். வனவியலைத் தலையில கட்டிட்டாங்க. மரம் எண்ணப் போறேன்."

"எவ்வளவு எடுத்தே?"

"நாப்பத்து மூணு புள்ளி ஒண்ணு. மருந்தியலுக்கு நாப்பத்து நாலு வேணும். எங்க வகுப்புல மத்த பொண்ணுங்களுக்கெல்லாம், பொண்ணுங்களுக்குன்னு தர்ற ஒன்றரை மார்க் சேர்ந்து வந்துது. எனக்கு மட்டும் வரல. எழுதிப் போட்டேன், பதிலே இல்ல."

அவன் கடித்த சப்பாத்தியைக் கீழே வைத்தான்.

அவனுக்கு வந்த கடிதத்தில் நாற்பத்து நாலு புள்ளி மூன்று என்று இருந்தது. பள்ளி ஆசிரியர் மூன்று தடவை கூட்டியும் நாற்பத்திரண்டு புள்ளி எட்டுதான் வந்தது. அந்த ஒன்றரை எங்கிருந்து குதித்தது என்று வீடே ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் அப்பா, "அவ்வளவு பெரிய ஆபீஸ்ல கணக்குத் தெரியாமலா போடுவான்? வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு" என்றார். அம்மா தேவாலயத்தில் எழுந்து நின்று, இது கர்த்தர் செய்த அற்புதம் என்று சாட்சியே சொல்லிவிட்டாள்.

இப்போது புரிந்தது. அவனைப் பெண் என்று எழுதி, அவளுக்குச் சேர வேண்டிய ஒன்றரையை அவனுக்குச் சேர்த்துவிட்டார்கள். பதிவாளர் ஆபீசுக்குப் போனால் ஒன்றரை போய்விடும், அதோடு மருந்தியலும் போய்விடும். போகாவிட்டால்? காகிதத்தில் நாலு வருஷம் பெண்ணாக இருந்துவிட்டுப் போகிறான். ஆள் மாறியது விடுதிக்காரர்களின் மூளைக்கோளாறு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது. உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, இந்தப் பெயரோடு இவள் ஏன் வந்தாள் என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்ல பேருக்காரரே. கட்டிலாவது வந்து சேர்ந்துது. உங்ககிட்ட இருந்த என் பொருளைப் பத்திரமா குடுத்துட்டீங்க."

வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். கடிதத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

"கட்டில் மட்டுமில்ல. இந்த மருந்தியல் சீட்டும் உன்னோடதுதான்."

அவள் எண்ணைப் படித்தாள். மூலையைப் படித்தாள். உதடு அசைய மனக்கணக்குப் போட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"அப்போ உங்களுக்கு?"

"தெரியல" என்றான். உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் கடிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"வாங்க, அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க."

கடிதத்தை அவள் அவனிடம் திருப்பித் தரவில்லை.